பழைய டிரக் ஸ்னோ ப்ளோவைச் சின்ன டிராக்டரில் மாட்டலாமா?

குளிர்கை (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். பழைய பிக்கப் டிரக் ஒன்று அடிச்சட்டம் துருப்பிடித்து ஓய்ந்துவிட்டது. அதன் முன்னால் இருந்த ஏழரை அடி ஸ்னோ ப்ளோ, அதாவது பனி தள்ளும் இரும்பு பிளேடு மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. இரும்புக்கடையில் போட மனசு வரவில்லை.

என்னிடம் 33 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று உண்டு. ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் ஓட்டும் வகை), நான்கு சக்கரமும் இழுக்கும், முன்னால் பக்கெட்டைத் தூக்கும் லோடர் கைகள், பக்கெட்டைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் அட்டாச் தட்டு. லோடரோடு சேர்த்து எடை 1,500 கிலோ பக்கம். தள்ள வேண்டிய பாதை 120 மீட்டர் இருக்கும். பாதி தார், பாதி ஜல்லி. போன குளிர்காலம் முழுக்க பக்கெட்டால் அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஒரு தடவை பாதையைத் துடைக்க இரண்டு மணி நேரம், கழுத்து வலி தனிக் கணக்கு.

இந்த ப்ளோவை லோடர் தட்டிலேயே மாட்டிவிடலாமா? ப்ளோவைத் தூக்கவும் திருப்பவும் அதோடு வந்த 12 வோல்ட் மின் பம்ப்பை டிராக்டர் பேட்டரியில் கொடுத்தால் ஓடுமா? இரண்டுக்கும் பதில் ஆமாம் என்றால் இந்த சனிக்கிழமையே வெல்டிங் மெஷினை வெளியே எடுத்துவிடுவேன்.

நாலுசக்கரம்:

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. பக்கெட்டின் உதட்டில் இரண்டு கிளாம்ப், ரெண்டு சங்கிலி, கட்டி ஓட்ட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினார்.

பழையவெல்டர்:

நாலுசக்கரம், மூன்றாவது வருடம் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். பக்கெட் உதடு மண்ணைக் கீறுவதற்குச் செய்தது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் முட்டுக்கொடுத்து 300 கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் அது சிரிப்பது மாதிரி வளையும். நான் அப்படி வளைந்த உதடுகளைச் சூடாக்கி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

குளிர்கை தம்பி, சனிக்கிழமை மெஷினை எடுக்காதீர்கள். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த ப்ளோவுக்குப் பின்னால் இருந்தது மூன்று டன் வண்டி. ப்ளோவின் முக்கோணச் சட்டம் நேராக டிரக்கின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், இரும்பு பின் போட்டு நின்றது. அடி விழுந்தால் அது சேசிஸுக்குப் போகும், வண்டி கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். லோடர் கை அப்படியல்ல. அது தூக்குவதற்கான கை. முட்டுவதற்கான கை அல்ல. இரண்டு நீளமான கைகள், நடுவே ஒரு குறுக்குக் குழாய். பிளேடை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு போகும்போது அதன் ஒரு மூலை கல்லில் மோதினால், மொத்த அடியும் ஒரே கைக்குப் போகும். கை முறுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் பக்கெட்டை மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தரையில், மறுபக்கம் இரண்டு விரல் உயரத்தில் நிற்கும். அந்தக் கோணலைச் சரிசெய்வது சுலபமில்லை.

சரியான வழி என்று கேட்டால், லோடரைக் கழற்றிவிட்டு டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் சட்டம் ஓட்டுவது. முன் அச்சுக்குக் கீழே தொடங்கி, பின் அச்சு வரை இரண்டு சேனல். தள்ளும் விசை பின் அச்சில் போய் உட்காரும். டிராக்டரின் எடையே அங்கேதான் இருக்கிறது.

மெதுவாப்போ:

பழையவெல்டர் ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் குளிர்காலத்தில் லோடரைக் கழற்ற முடியாதவர்கள் என்ன செய்வது? பனியைத் தள்ளினால் போதாது, குவிந்ததை உயரத் தூக்கிக் கொட்டவும் வேண்டும். நான் ஆறு குளிர்காலமாக லோடரில்தான் ப்ளோ ஓட்டுகிறேன். கை கோணவில்லை. ரகசியம் என் பெயரிலேயே இருக்கிறது. டிரக்கில் மணிக்கு 20 கிலோமீட்டரில் தள்ளுவார்கள். நான் 6, 7-ஐத் தாண்டுவதில்லை. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் மூன்றில் ஒன்றானால் அடி ஒன்பதில் ஒன்று.

பழையவெல்டர்:

கணக்கு சரி. ஆனால் நீங்கள் ஓட்டும்போது மெதுவாகப் போகும். வீட்டில் வேறொருவர் ஏறினால்?

மெதுவாப்போ:

சாவி என் சட்டைப்பையில்.

எண்ணெய்க்குழாய்:

மின் பம்ப் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன். அந்தப் பம்ப் முழு அழுத்தத்தில் 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டிரக்கில் பெரிய பேட்டரி, பெரிய ஆல்டர்னேட்டர், அதனால் தாங்கியது. சின்ன டிராக்டரின் ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியரைச் சுற்றித்தான் இருக்கும். சிலவற்றில் அதுகூட இல்லை. ஒரு தடவை தூக்கி, ஒரு தடவை திருப்பினால் பேட்டரி சமாளிக்கும். ஆனால் பாதை துடைக்கும்போது பத்து மீட்டருக்கு ஒருமுறை பிளேடைத் திருப்புவீர்கள். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டே போகும், கொட்டும் குளிரில், வீட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி. இன்ஜின் அணைந்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

அதைவிட வேடிக்கை, உங்கள் டிராக்டரில் ஏற்கெனவே ஒரு ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் கொடுக்கும். அதை விட்டுவிட்டு இன்னொரு பம்ப்புக்கு மின்சாரம் தேடுவது, ஆற்றில் நின்றுகொண்டு குழாயடிக்கு வரிசை போடுவது மாதிரி.

மின் பம்ப், தூக்கும் சிலிண்டர், அது நிற்கும் கோபுரம், எல்லாவற்றையும் கழற்றி வீசுங்கள். தூக்குவதை லோடர் பார்த்துக்கொள்ளும். முன்னால் தொங்கும் எடையும் கணிசமாகக் குறையும். மிஞ்சுவது இடம் வலம் திருப்பும் இரண்டு சிலிண்டர்கள் மட்டுமே.

அவை ஒருதிசைச் சிலிண்டர்கள். எண்ணெய் தள்ளும், தானாக இழுக்காது. இடது சிலிண்டர் நீளும்போது பிளேடே வலது சிலிண்டரை உள்ளே அமுக்கிவிடும். ஆகவே இருதிசை வால்வின் ஒரு வாயை இடதுக்கும் இன்னொரு வாயை வலதுக்கும் கொடுத்தால் போதும். ஒன்றுக்கு எண்ணெய் போகும்போது மற்றதிலிருந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்.

வால்வுக்கு இரண்டு வழி. ஒன்று, தனியாகத் தேர்ட் ஃபங்ஷன் வால்வு, அதாவது லோடரின் இரண்டு வேலைகளுக்கு மேல் மூன்றாவதுக்கென்று ஒரு வால்வு போடுவது. இன்னொன்று, பக்கெட்டைக் கவிழ்க்கும் குழாயில் எண்ணெயின் வழியை மாற்றிவிடும் 12 வோல்ட் டைவர்ட்டர் வால்வு ஒன்றைச் செருகுவது. லோடர் கைப்பிடியில் ஒரு பொத்தான். அதை அழுத்திக்கொண்டு கைப்பிடியைத் திருப்பினால் பக்கெட்டுக்குப் பதில் பிளேடு திரும்பும். சில ஆம்பியர்தான் எடுக்கும். உங்கள் வேலைக்கு இது தாராளம்.

தேர்ட் ஃபங்ஷனுக்குப் போனால் ஒரு எச்சரிக்கை. சின்ன டிராக்டர்கள் பலவும் ஓப்பன் சென்டர் வகை, எண்ணெய் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புது வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் போகும் பவர் பியாண்ட் குழாயையும் தொட்டிக்குத் திரும்பும் குழாயையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், ஸ்டார்ட் செய்த நிமிடத்திலேயே எதாவது ஒன்று வெடிக்கும் அல்லது பம்ப் கத்தும்.

குளிர்கை:

அண்ணே, டைவர்ட்டர்தான். முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: பிளேடின் மூலை கல்லில் மோதினால் அந்த விசை சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெயை அமுக்குமே, வால்வு மூடியிருக்கும்போது அது எங்கே போகும்?

எண்ணெய்க்குழாய்:

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி வராமல் குழாய் மாட்டியவர்கள்தான் சிலிண்டர் தண்டை வளைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டு குழாய்களுக்கும் நடுவே குறுக்கு ரிலீஃப் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் அழுத்தம் எகிறினால் எண்ணெய் மறுபக்கம் தாவிவிடும், பிளேடு கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். டிரக்கில் இந்த வேலையைக் கழற்றிப்போட்ட பம்ப் யூனிட்டில் இருந்த வால்வு பார்த்துவந்தது. பம்ப் போனதும் அதுவும் போய்விட்டது. அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: பழைய சிலிண்டர்களில் ப்ளோ எண்ணெய் இருக்கும், டிராக்டரில் ஓடுவது டிராக்டர் எண்ணெய். கலக்க விடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றிக் கவிழ்த்து, தண்டைக் கையால் உள்ளே தள்ளிப் பழையதை வடித்துவிடுங்கள். மாட்டியபின் இடமும் வலமும் கடைசி வரை பத்து தடவை திருப்பினால் காற்று வெளியேறும். அப்புறம் டிராக்டரில் எண்ணெய் அளவு பாருங்கள், குறைந்திருக்கும்.

நாலுசக்கரம்:

அகலத்தை யாரும் பேசவில்லையே. ஏழரை அடி அப்படியே இருக்கட்டும். இரண்டே ஓட்டத்தில் வேலை முடியும்.

கணக்குப்பிள்ளை:

அப்படியா? கொஞ்சம் பேனாவை எடுப்போம்.

பிளேடை 30 டிகிரி சாய்த்தால் ஏழரை அடி பிளேடு ஆறரை அடி வழி விடும், கிட்டத்தட்ட 2 மீட்டர். 15 சென்டிமீட்டர் புதுப்பனி, கன மீட்டருக்கு 100 கிலோ என்று வையுங்கள். ஒவ்வொரு மீட்டர் நகரும்போதும் 30 கிலோ பனி பிளேடின் முன் வருகிறது. பனி வெளியே வழியாமல் சேர்ந்தால் 20 மீட்டரில் 600 கிலோ. இது பஞ்சுப் பனி. ஒரு நாள் வெயிலில் உருகி உட்கார்ந்த ஈரப்பனி கன மீட்டருக்கு 300 கிலோ வரும். அதுவும் 15 சென்டிமீட்டர் இருந்தால் அதே 20 மீட்டரில் 1,800 கிலோ. டிராக்டரே 1,500.

இனி தள்ளும் பக்கம். நான்கு சக்கரமும் பிடித்தாலும், அமுங்கிய பனியில் எடையில் சுமார் 30 சதவீதம்தான் தள்ளு விசையாகும். 450 கிலோ. ஐஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சந்தேகம். குதிரைத்திறன் எவ்வளவு என்பது இங்கே பேச்சே இல்லை. 33 இருந்தாலும் 50 இருந்தாலும் டயர் சுற்றினால் சுற்றியதுதான்.

பனி வழிந்து ஓடும்படி பிளேடைச் சாய்த்தே ஓட்டுங்கள், அகலத்தையும் குறையுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு என்பதைச் சாய்ந்த நிலையில் டயருக்கு வெளியே கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யலாம். ஆறரை அடி பிளேடு 30 டிகிரியில் 5.6 அடி, 1.7 மீட்டர். உங்கள் டயர்களின் வெளி அகலம் என்ன?

குளிர்கை:

1.45 மீட்டர். அப்படியென்றால் ஆறரை அடிக்கு வெட்டுகிறேன். ஒரே பக்கம் ஓரடி வெட்டலாமா?

பழையவெல்டர்:

ஐயோ வேண்டாம். பிளேடு இடம் வலம் திரும்பும் நடு முளை நடுவில்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் அரையடி. பின்னால் செங்குத்து விலா எலும்பு மாதிரிப் பட்டைகள் இருக்கும். கடைசிப் பட்டையை வெட்டி எடுத்து, புது ஓரத்தில் திரும்ப வெல்ட் செய்யுங்கள். ஓரப் பட்டை இல்லாத பிளேடு ஒரே மோதலில் காது மடங்கும். கீழே தரையைச் சுரண்டும் கட்டிங் எட்ஜ் உயர்கார்பன் எஃகு, அதில் புதுத் துளை போடுவது பாடு. பழைய துளைகளை வைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் அறுத்துவிடுங்கள்.

வெல்டிங் எல்லாம் டிராக்டரை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். வேறு வழியில்லாமல் மாட்டிய நிலையில் ஒரு புள்ளி வைக்க நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். லோடர் பின்கள் வழியாகக் கரண்ட் போனால் புஷ் கெடும். லோடரில்தான் மாட்டுவேன் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டது தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

குளிர்கை:

ஆமாம் ஐயா, மன்னியுங்கள். லோடர் எனக்கு வேண்டும். குயிக் அட்டாச் தட்டு ஒன்று தனியாக வாங்கி, முக்கோணச் சட்டத்தைக் குட்டையாக்கி அதில் வெல்ட் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பனி வருகிறது என்கிறார்கள். பார்ப்போம்.

குளிர்கை (மூன்று நாள் கழித்து):

பார்த்தாயிற்று.

முதல் இருபது மீட்டர் சொர்க்கம். தார் கறுப்பாகத் தெரிந்தது. ஜல்லி தொடங்கும் இடத்தில் பிளேடு மூக்கைக் குத்தி உள்ளே போனது. பதறி லோடர் கைப்பிடியை முன்னால் தள்ளினேன், எதற்கென்று இப்போதும் தெரியவில்லை. முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், டிராக்டர் அதுபாட்டுக்கு ஓரத்துப் பள்ளத்தை நோக்கிப் போகிறது. ஒரு சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் நின்றது. அடி யாருக்கும் இல்லை. ஜல்லியில் பாதி இப்போது புல்வெளியில் கிடக்கிறது, வசந்தத்தில் பொறுக்க வேண்டும்.

எதிலாவது மோதினால் பிளேடின் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து பிளேடு கவிழும் என்று நம்பியிருந்தேன், அது அசையவே இல்லை.

மெதுவாப்போ:

நல்லவேளை பள்ளத்தோடு போனது. இரண்டு தப்பு சேர்ந்து நடந்திருக்கிறது.

முதல் தப்பு, சட்டத்தைத் தட்டோடு விறைப்பாக வெல்ட் செய்தது. டிரக்கில் அந்தச் சட்டம் இரும்பு பின்னில் ஆடும், சங்கிலிதான் தூக்கும். பிளேடு தரையில் உட்கார்ந்ததும் சங்கிலி தொய்ந்துவிடும், தரை ஏறினால் பிளேடு ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த ஆட்டத்தை நீங்கள் வெல்ட் வைத்துக் கொன்றுவிட்டீர்கள். வெட்டி எடுங்கள். தட்டில் இரண்டு காது வைத்து, ஒரு அங்குல இரும்பு பின் போட்டு, சட்டத்தை அதில் மாட்டுங்கள். அந்த பின்னுக்கான துளையை மேலும் கீழும் கொஞ்சம் நீட்டி வெட்டினால் பிளேடு பக்கவாட்டிலும் சாயும். தட்டின் உச்சியிலிருந்து சட்டத்தின் மூக்குக்கு ஒரு சங்கிலி.

லோடரை ஃப்ளோட்டில், அதாவது கைகள் தரைக்கேற்பத் தானாக ஏறி இறங்கும் நிலையில், வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஃப்ளோட்டில் பிளேடின் எடையோடு லோடர் கைகளின் எடையும் ஜல்லி மேல் உட்காரும். சங்கிலி வைத்தால் கைகள் ஒரு உயரத்தில் நிற்கும், பிளேடு மட்டும் தரையைத் தொடும். பிளேடு தரையில் இருக்கும்போது சட்டம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கட்டும். அந்த உயரம் தெரிய லோடர் கையில் ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது தப்பு, கைப்பிடியை முன்னால் தள்ளி லோடர் கைகளைக் கீழே அமுக்கியது. அப்படித் தள்ளினாலும் இனிச் சங்கிலிதான் தொய்யும், முன் சக்கரம் எழும்பாது. கொஞ்சம் தள்ளினால், அதாவது. அந்த இரும்பு பின் தரையில் இடிக்கும் வரை தள்ளினால் என்னைக் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

பின்னால் எடை ஏதாவது கட்டியிருந்தீர்களா?

குளிர்கை:

இல்லை.

கணக்குப்பிள்ளை:

அதுதான் மூன்றாவது தப்பு. முன்னால் ப்ளோ தொங்கும்போது முன் அச்சு சுமக்கிறது, பின் டயர்கள் லேசாகிவிடுகின்றன. பெரிய டயர்கள் பின்னால்தான், பிடிப்பும் அங்கேதான். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயிண்டில் 300 கிலோவுக்கு ஒரு கான்கிரீட் பெட்டி மாட்டுங்கள். பின் டயர்களுக்குச் சங்கிலியும் போட்டால் வேறு டிராக்டர் ஓட்டுவது போல இருக்கும்.

பழையவெல்டர்:

ஸ்பிரிங் விஷயம். வெஸ்டர்ன், மேயர் மாதிரி கம்பெனி ப்ளோக்களில் பிளேடு முழுதாக முன்னால் கவிழும். ஃபிஷர் வகையில் கீழ் விளிம்பு மட்டும் பின்னால் மடங்கும். உங்களுடையது முழுதும் கவிழும் வகை என்று நினைக்கிறேன். அந்த ஸ்பிரிங்குகள் மூன்று டன் வண்டியின் அடிக்கு இறுக்கியவை. 1,500 கிலோ டிராக்டர் மெதுவாகப் போய் முட்டினால் ஸ்பிரிங் நீள்வதற்குள் டயர் சுற்றிவிடும் அல்லது லோடர் கை வாங்கிக்கொள்ளும். தளர்த்துங்கள். போல்ட்டைத் திருகி, சுருள்களுக்கு நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறமும் விறைப்பாக இருந்தால், இரண்டு ஸ்பிரிங் இருப்பதில் ஒன்றைக் கழற்றிவிட்டு முயலுங்கள். நின்ற இடத்தில் ஒரு மரக்கட்டையை விளிம்புக்கு முன் வைத்து, மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். டயர் சுற்றுவதற்கு முன்னால் பிளேடு கவிழ வேண்டும். ஸ்பிரிங் பக்கம் கையை வைக்காதீர்கள்.

ஜல்லிக்கு, பிளேடைத் தாங்கிச் சறுக்கும் இரும்புப் பாதங்களான சறுக்குக் காலணிகளைப் போட்டு விளிம்பை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள். இல்லையென்றால் ஒரு இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி, விளிம்பில் செருகிவிடுங்கள். உருண்டையான விளிம்பு ஜல்லி மேல் மிதக்கும், குத்தாது. முதல் சில பனிகளில் ஜல்லியை முழுக்கத் துடைக்க ஆசைப்படாதீர்கள். கொஞ்சம் பனி அமுங்கி உறையட்டும், அதுவே தரையாகிவிடும்.

நாலுசக்கரம்:

அந்தக் கிளாம்ப்காரரிடம் இன்று பேசினேன். மூன்றாவது வருடம் பக்கெட் உதடு வளைந்ததாம். ஐயா சொன்னது சரி.

குளிர்கை (இரண்டு வாரம் கழித்து):

எல்லாம் செய்தேன். இரும்பு பின், நீண்ட துளை, சங்கிலி, ஒற்றை ஸ்பிரிங், கீறிய குழாய், கான்கிரீட் பெட்டி. பெட்டிக்கு எடை போட்டுப் பார்த்தேன், 310 கிலோ. நேற்று இரவு 20 சென்டிமீட்டர் பனி. காலையில் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் தள்ளினேன். 35 நிமிடம். ஒரு புதைந்த கட்டையில் முட்டியது. பிளேடு தலையாட்டிவிட்டு நிமிர்ந்தது, எனக்குக் கைதட்டத் தோன்றியது.

ஒரு குறை. வலப்பக்கம் திருப்பி வைத்தால் ஐந்து நிமிடத்தில் தானாக நேராகி வருகிறது. இடப்பக்கம் நிற்கிறது.

எண்ணெய்க்குழாய்:

குழாயில் கசிவு தெரிகிறதா?

குளிர்கை:

இல்லை. துடைத்துப் பார்த்தேன், எல்லாம் உலர்ந்திருக்கிறது.

எண்ணெய்க்குழாய்:

அப்படியானால் குறுக்கு ரிலீஃப்பில் ஒரு பக்கம் ஸ்பிரிங் தளர்வாக இருக்கும், அல்லது துருத்துகள் ஏதாவது உட்கார்ந்திருக்கும். வலப்பக்கத்து முனையைக் கழற்றி, சுத்தம் செய்து, இன்னொரு பக்கம் எத்தனை சுற்று இறுக்கியிருக்கிறதோ அதே அளவு இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். கழற்றுவதற்கு முன் பிளேடைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, கைப்பிடியை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். டைவர்ட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆட்டுங்கள், இல்லாவிட்டால் பிளேடு பக்க அழுத்தம் அப்படியே இருக்கும்.

குளிர்கை:

ஒரு துண்டு டெஃப்லான் டேப். நான் சுற்றியதுதான். எடுத்ததும் நிற்கிறது. நன்றி அண்ணே.

பழையவெல்டர்:

தம்பி, கோடை வந்ததும் அந்த இரண்டு சிலிண்டர் தண்டுகளுக்கும் கிரீஸ் தடவி வையுங்கள். ஒருதிசைச் சிலிண்டர், ஒன்று எப்போதும் வெளியே நீண்டுகொண்டுதான் நிற்கும். துருப்பிடித்த தண்டு அடுத்த குளிர்காலம் சீலைக் கிழித்துவிடும். அந்த வயிற்றுச் சட்டத்துக்கு எப்போதாவது மனசு வந்தால் சொல்லுங்கள், அளவுகள் என்னிடம் இருக்கின்றன.